கம்பம் திராட்சை கேன்சரைக் குணமாக்குமா? நொதிகள் சொல்லும் பதில் இதுதான்

தேனி மாவட்டம், கம்பம் பள்ளத்தாக்கு. சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி, கூடலூர் பக்கம் போனால் சாலையின் இரண்டு பக்கமும் கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தல்கள். அதில் கொத்துக்கொத்தாகக் கருநீலத்தில் தொங்குவது பன்னீர் திராட்சை. 1832-ல் பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் தமிழகத்துக்குக் கொண்டுவந்த ரகம் என்று சொல்லப்படுகிறது. 2023-ல் 'கம்பம் பன்னீர் திராட்சை' புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

கூடவே இந்தத் திராட்சைக்கு இன்னொரு பெயரும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. "கருப்புத் திராட்சையைக் கொட்டையோட மென்னு சாப்பிட்டா கேன்சர் கிட்டயே வராது", "கீமோவே வேண்டாம், திராட்சை ஜூஸ் போதும்" என்று குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் தகவல்கள்தான் காரணம். இவற்றை முழுப் பொய் என்று ஒதுக்கவும் முடியாது, அப்படியே நம்பவும் முடியாது. அந்தப் பாதி உண்மை என்ன என்று தெரிய வேண்டுமானால், 'நொதி' அல்லது 'என்சைம்' என்ற சமாசாரத்தை முதலில் புரிந்துகொள்ள வேண்டும்.

நொதி என்றால் என்ன?

சோற்றை வாயில் போட்டு நன்றாக மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி, மாவுச்சத்தைச் சர்க்கரையாக உடைப்பதுதான் காரணம். நறுக்கி வைத்த வாழைக்காய் சற்று நேரத்தில் கறுத்துப்போவதும் நொதியின் வேலைதான்.

நொதிகளில் பெரும்பாலானவை புரதங்கள். உடம்பில் நடக்கும் வேதிவினைகளை வேகப்படுத்துவது அவற்றின் வேலை. ஒன்றை வெட்டுவதற்கு ஒரு நொதி, இரண்டை ஒட்டுவதற்கு இன்னொன்று, ஒரு புரதத்தை 'ஆன்' செய்ய மற்றொன்று. பெயர் 'ஏஸ்' என்று முடிந்தால் அது பெரும்பாலும் நொதி என்று எடுத்துக்கொள்ளலாம்.

நல்ல செல்லுக்கு உதவும் அதே நொதிகளைத்தான் கேன்சர் செல்லும் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொள்கிறது. சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

திராட்சைக் கதை எங்கே தொடங்கியது?

1997 ஜனவரியில் 'சயின்ஸ்' ஆய்விதழில் ஒரு கட்டுரை வந்தது. அமெரிக்காவின் சிகாகோவில் உள்ள இல்லினாய்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜான் பெசுட்டோவின் குழு எழுதியது. திராட்சைத் தோலில் இருக்கும் 'ரெஸ்வெரட்ரால்' என்ற பொருள், 'காக்ஸ்' எனப்படும் சைக்ளோஆக்சிஜனேஸ் நொதியைத் தடுக்கிறது என்றும், எலிகளின் தோலில் கட்டிகள் உருவாவதைக் குறைக்கிறது என்றும் அவர்கள் காட்டினார்கள். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் தூண்டுகிற நொதி அது. ஆஸ்பிரின் மாத்திரை தடுப்பதும் அதையேதான். நீண்ட நாள் அழற்சி இருக்கும் இடத்தில் கேன்சர் செல்கள் வளர அந்த நொதி உதவுகிறது.

இதுவரை எல்லாம் சரி. ஆனால் அந்த ஆய்வு நடந்தது ஆய்வகச் செல்களிலும் எலிகளிலும். மனிதர்களிடம் வரும்போது கணக்கு மாறிவிடுகிறது.

ஒரு கிராம் திராட்சைத் தோலில் ரெஸ்வெரட்ரால் 50 முதல் 100 மைக்ரோகிராம் வரை இருக்கும் என்று அந்தக் கட்டுரையே சொல்கிறது. ஒரே ஒரு கிராம் ரெஸ்வெரட்ரால் வேண்டும் என்றால்கூட 10 முதல் 20 கிலோ தோல் வேண்டும். பழம் இல்லை, தோல் மட்டும்! மனிதர்களிடம் நடந்த சோதனைகளில் ஒரு நாளைக்கு 5 கிராம் வரை கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள். பந்தலையே பறித்து வந்தாலும் அந்த அளவைச் சாப்பிட்டு அடைய முடியாது.

சாப்பிட்டதும் முழுதாக வேலைக்கு வராது. குடலிலும் கல்லீரலிலும் உள்ள வேறு சில நொதிகள் ரெஸ்வெரட்ராலை உடனே உருமாற்றிவிடுகின்றன. மாறாத வடிவில் ரத்தத்துக்குப் போய்ச் சேருவது 1 சதவீதத்துக்கும் குறைவு.

சரி, மருந்தாகவே செறிவாகக் கொடுத்தால்? அதையும் செய்து பார்த்தார்கள். எலும்பு மஜ்ஜையில் வரும் மல்டிபிள் மயலோமா நோயாளிகள் 24 பேரிடம் நடந்த சோதனையில், 5 பேருக்குச் சிறுநீரகம் கடுமையாகப் பழுதுபட்டது. 2010-ல் அந்தச் சோதனை நிறுத்தப்பட்டது.

ஆக, திராட்சை நல்ல பழம். கேன்சர் மருந்து அல்ல.

கேன்சர் எப்படிப் பரவுகிறது?

ஒரு கட்டி தோன்றிய இடத்திலேயே இருந்தால், பல சமயங்களில் அறுவைசிகிச்சையிலேயே எடுத்துவிடலாம். கேன்சரால் நிகழும் மரணங்களில் பெரும்பாலானவை, அது நுரையீரல், கல்லீரல், எலும்பு, மூளை என்று பரவிய பிறகு நடப்பவை. அந்தப் பயணத்துக்கு வழிவெட்டிக் கொடுப்பவை நொதிகள்.

நம் திசுக்களில் செல்கள் சும்மா மிதந்துகொண்டிருப்பதில்லை. அவற்றைச் சுற்றிக் கொலாஜன் போன்ற புரதங்களால் ஆன ஒரு வலை இருக்கிறது. செல் அடுக்குகளுக்குக் கீழே 'அடித்தளச் சவ்வு' என்ற மெல்லிய சுவர். தோட்டத்துக்கு முள்கம்பி வேலி மாதிரி. கேன்சர் செல் வெளியேற வேண்டுமானால் அந்த வேலியை வெட்ட வேண்டும். பிறகு ரத்தக்குழாய்ச் சுவரைத் தாண்டி உள்ளே போய், ஓட்டத்தில் அடித்துச் செல்லப்பட்டு, வேறோர் இடத்தில் மறுபடி வெளியேறி வேர்பிடிக்க வேண்டும்.

அந்த வேலியை வெட்டும் கத்தரிகளில் முக்கியமானவை 'மேட்ரிக்ஸ் மெட்டலோபுரோட்டீனேஸ்' என்ற நொதிக் குடும்பம். சுருக்கமாக எம்எம்பி. மனித உடம்பில் 20-க்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு துத்தநாக அணு உட்கார்ந்திருக்கும். வெட்டும் வேலைக்கு அது அவசியம்.

இந்தக் குடும்பத்தின் முதல் நொதி கண்டுபிடிக்கப்பட்டது கேன்சர் கட்டியில் இல்லை, தலைப்பிரட்டையில். முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்களில் விளையாடி வளர்ந்தவர்களுக்குத் தெரியும்: தலைப்பிரட்டை தவளையாகும்போது வால் கொஞ்சம் கொஞ்சமாகக் காணாமல் போகும். அந்த வால் எங்கே போகிறது என்று தேடிய ஜெரோம் கிராஸ், சார்லஸ் லாபியேர் இருவரும், வாலில் உள்ள கொலாஜனைக் கரைக்கும் நொதி ஒன்று இருப்பதை 1962-ல் கண்டறிந்தார்கள்.

அடுத்த திருப்பம் 1980-ல். அமெரிக்க விஞ்ஞானி லான்ஸ் லியோட்டாவின் குழு எலிக் கட்டிகளை ஒப்பிட்டுப் பார்த்தது. அதிகமாகப் பரவும் கட்டிகள், அடித்தளச் சவ்வில் உள்ள கொலாஜனை அதிகமாகக் கரைப்பது தெரிந்தது. தலைப்பிரட்டையின் வாலில் நடப்பதற்கும் கேன்சர் பரவுவதற்கும் இடையே ஒரு தொடர்பு கிடைத்தது.

அந்தக் கத்தரியை நிறுத்தினால் போதாதா?

எல்லோருக்கும் தோன்றும் யோசனைதான். மருந்து நிறுவனங்களுக்கும் தோன்றியது. 1990-களில் எம்எம்பி நொதிகளைத் தடுக்கும் மருந்துகள் வரிசையாக வந்தன. மாரிமாஸ்டாட் அவற்றில் பிரபலம். எலிகளில் அருமையாக வேலை செய்தது. மனிதர்களிடம் கைவிட்டது. நோயாளிகளின் ஆயுள் எதிர்பார்த்தபடி நீளவில்லை. மாறாக மூட்டுவலி, தசைவலி வந்து பலருக்கு மருந்தை நிறுத்த வேண்டியதாயிற்று.

ஏன் தோற்றது? இரண்டு காரணங்கள் முக்கியமானவை. முதலாவது, மருந்து கொடுக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு நோய் ஏற்கெனவே பரவியிருந்தது. வேலியை வெட்டி மாடு வெளியே போன பிறகு கத்தரியைப் பிடுங்கிப் பயனில்லை. இரண்டாவது, அந்த மருந்துகள் எல்லாக் கத்தரிகளையும் ஒன்றாகக் கட்டிப்போட்டன. காயம் ஆறுவதற்கும் எலும்பு புதுப்பிக்கப்படுவதற்கும் இதே நொதிகள் வேண்டும். எம்எம்பி-8 போன்ற சில நொதிகள் கட்டிக்கு எதிராகவே வேலை செய்கின்றன என்பது பிறகுதான் தெரிந்தது.

"ஒரு நொதியைத் தடுத்தால் கேன்சர் நின்றுவிடும்" என்ற வகைத் தலைப்புச் செய்தியைப் பார்க்கும்போதெல்லாம் இந்தத் தோல்வியை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

பாக்குக்கும் நொதிக்கும் என்ன சம்பந்தம்?

போடியிலிருந்தும் கம்பத்திலிருந்தும் விடியற்காலையில் ஜீப் ஏறி ஏலத்தோட்ட வேலைக்கு மலைக்குப் போகிறவர்களில் பலருக்கு வெற்றிலை பாக்கு பசி தாங்கும் துணை. சின்னமனூர் வெற்றிலைக்கும் தனிப் பேர் உண்டு. இங்கே கவனிக்க வேண்டியது வெற்றிலையோடு சேர்த்து வாய்க்குள் போகும் பாக்கையும் புகையிலையையும்தான்.

பாக்கில் தாமிரச் சத்து அதிகம். அதை மணிக்கணக்கில் வாயில் அடக்கிவைக்கும்போது, அந்தத் தாமிரம் 'லைசில் ஆக்சிடேஸ்' என்ற நொதியை முடுக்கிவிடுகிறது. கொலாஜன் இழைகளை ஒன்றோடொன்று பிணைத்து இறுக்குவது அந்த நொதியின் வேலை. எம்எம்பி கத்தரி என்றால், இது தையல் ஊசி. தையல் மிஞ்சிப்போனால் கன்னத்தின் உட்பக்கம் நார்நாராக இறுகி, வெளுத்து, வாயைத் திறக்கவே முடியாத நிலை வரும். 'வாய்வழி சளிச்சவ்வு நாரிழைமை' என்று இதற்குப் பெயர். இது கேன்சருக்கு முந்தைய கட்டம். எல்லோருக்கும் கேன்சராக மாறாது. ஆனால் வாய்ப்பு கூடுகிறது.

புகையிலை சேர்க்காத வெறும் பாக்கே மனிதர்களுக்குக் கேன்சர் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வகைப்படுத்தி 20 ஆண்டுகளுக்கு மேலாகிறது. "புகையிலை போடுறதில்ல, பாக்கு மட்டும்தான்" என்ற சமாதானம் எடுபடாது.

ஓர் எளிய சோதனை: உங்கள் மூன்று விரல்களைச் சேர்த்து, ஒன்றின்மேல் ஒன்றாக நெட்டுக்குத்தாக வாயில் வைத்துப் பாருங்கள். நுழையவில்லை என்றாலோ, காரம் பட்டாலே வாய் எரிகிறது என்றாலோ, பல் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

சிகிச்சையில் நொதிகள் ஜெயித்த இடங்கள்

தோல்வி மட்டுமே கதை அல்ல. இன்று தினசரி எழுதப்படும் பல கேன்சர் மருந்துகள் நொதியைக் குறிவைப்பவைதான்.

மார்பகப் புற்றுநோய்: மாதவிடாய் நின்ற பெண்களின் உடம்பில் 'அரோமட்டேஸ்' என்ற நொதிதான் ஈஸ்ட்ரோஜனைத் தயாரிக்கிறது. சில மார்பகக் கட்டிகள் அந்த ஈஸ்ட்ரோஜனைத் தின்று வளர்பவை. லெட்ரோசோல், அனஸ்ட்ரோசோல் மாத்திரைகள் அந்த நொதியைத் தடுத்து, கட்டியின் தீனியை நிறுத்துகின்றன. "ஆபரேஷன் முடிஞ்சிருச்சே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று வீட்டில் அம்மாவோ அத்தையோ கேட்டால், காரணம் இதுதான். பல ஆண்டுகள் தொடர வேண்டிய மாத்திரை. நன்றாக இருக்கிறது என்று நடுவில் தாங்களாக நிறுத்தக் கூடாது.

ரத்தப் புற்றுநோய், பெரியவர்களுக்கு: சிஎம்எல் என்ற வகையில் 9-வது, 22-வது குரோமோசோம்களின் துண்டுகள் இடம்மாறி ஒட்டிக்கொள்ளும். அதனால் பிசிஆர்-ஏபிஎல் என்ற கோளாறான நொதி உருவாகி, அணைக்காத சுவிட்ச் மாதிரி செல்களைப் பெருகச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சுவிட்சை அணைக்கும் மாத்திரை இமாட்டினிப். 2001-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. முதல் பெரிய சோதனையில் இமாட்டினிப் எடுத்துக்கொண்டவர்களில் சுமார் 83 சதவீதம் பேர் 10 ஆண்டுகளுக்குப் பிறகும் உயிரோடு இருந்தார்கள்.

இந்த மாத்திரையின் கதையில் சென்னைக்குப் பெரிய பங்கு உண்டு. 'கிளிவெக்' என்ற பெயரில் இதை விற்ற நோவார்ட்டிஸ் நிறுவனம், இந்தியக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தது சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில். 2006 ஜனவரியில் அந்த விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. ஏற்கெனவே தெரிந்த மருந்தின் புதிய வடிவத்துக்கு, அதன் செயல்திறன் கூடியதாகக் காட்டாமல் காப்புரிமை கிடையாது என்கிற 3(டி) பிரிவை எதிர்த்து நிறுவனம் தொடர்ந்த வழக்கைச் சென்னை உயர் நீதிமன்றம் 2007 ஆகஸ்டில் தள்ளுபடி செய்தது. 2013 ஏப்ரல் 1-ல் உச்ச நீதிமன்றமும் காப்புரிமை மறுப்பை உறுதிசெய்தது. அந்தக் காலகட்டத்தில் கிளிவெக் மாதச் செலவு சுமார் 1.2 லட்சம் ரூபாய்; இந்திய நிறுவனங்களின் அதே மருந்து சுமார் 8,000 முதல் 10,000 ரூபாய். ஒரு நடுத்தரக் குடும்பத்துக்கு இந்த வித்தியாசம் என்ன என்று சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ரத்தப் புற்றுநோய், குழந்தைகளுக்கு: இங்கே நொதியே மருந்து. கினிப்பன்றியின் ரத்தநீர் சில கட்டிகளை அழிப்பதை 1953-ல் ஜான் கிட் கவனித்தார். அதற்குக் காரணம் 'ஆஸ்பராஜினேஸ்' என்ற நொதி என்று 1961-ல் ஜான் புரூம் காட்டினார். நல்ல செல்கள் ஆஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தைத் தாங்களே தயாரித்துக்கொள்ளும். லுகேமியா செல்களில் பலவற்றுக்கு அந்தத் திறமை போதாது. ரத்தத்தில் வருவதை நம்பித்தான் பிழைப்பு. ஊசியில் போகும் நொதி அதை உடைத்துவிட, அவை பட்டினியில் சாகின்றன. சென்னை அடையாறு புற்றுநோய் நிலையம், மும்பை டாடா நினைவு மருத்துவமனை, டெல்லி எய்ம்ஸ் ஆகியவை 1980-களின் நடுவில் 'எம்சிபி-841' என்ற சிகிச்சை முறையைக் கையில் எடுத்தன. அந்தக் கூட்டு மருந்துகளில் ஆஸ்பராஜினேஸும் ஒன்று. நம் ஊர் மருத்துவமனைகளிலும் இந்தக் குழந்தைகளைக் காப்பாற்ற முடியும் என்பதை அது நிரூபித்தது.

அப்போ 'என்சைம் மாத்திரை' வாங்கிச் சாப்பிடலாமா?

இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 'நொதி சிகிச்சை', 'என்சைம் தெரபி' என்ற பெயரில் செரிமான நொதி மாத்திரைகளைக் கேன்சர் மருந்தாக விற்பவர்கள் உலகம் முழுவதும் உண்டு. ஆஸ்பராஜினேஸ் ஊசியாகப் போகிறது. வாய்வழியாகப் போகும் நொதி வெறும் புரதம். அதில் பெரும்பகுதியைப் பருப்பைச் செரிப்பதுபோல வயிறு செரித்துவிடும்.

இதையும் சோதித்திருக்கிறார்கள். கணையப் புற்றுநோய் நோயாளிகளில் ஒரு பிரிவினர் கீமோதெரபியையும், இன்னொரு பிரிவினர் கணைய நொதி மாத்திரையும் உணவுக்கட்டுப்பாடும் சேர்ந்த மாற்றுச் சிகிச்சையையும் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். 2010-ல் வெளியான முடிவு: கீமோ எடுத்தவர்களின் இடைநிலை ஆயுள் 14 மாதம். நொதி மாத்திரை எடுத்தவர்களுக்கு 4.3 மாதம்.

கணைய அறுவைசிகிச்சை முடிந்தவர்களுக்குச் சாப்பாடு செரிப்பதற்காக மருத்துவரே நொதி மாத்திரை எழுதுவது உண்டு. அது வேறு. அது செரிமானத்துக்கு, கேன்சருக்கு அல்ல.

மருந்தையே மாற்றும் நொதிகள்

சிகிச்சையில் இருப்பவர்கள் தெரிந்துகொள்ள வேண்டிய இரண்டு விஷயங்கள்.

ஒன்று: குடல், மார்பகப் புற்றுநோய்களுக்குத் தரப்படும் 5-எஃப்யு, கேப்சிடபின் மருந்துகளை உடம்பிலிருந்து வெளியேற்றுவது 'டிபிடி' என்ற நொதி. பிறவியிலேயே இது குறைவாக உள்ளவர்களுக்கு வழக்கமான அளவே விஷமாகலாம். முதல் சுற்றிலேயே கடுமையான வாய்ப்புண், நிற்காத பேதி, காய்ச்சல் வந்தால் "கீமோன்னா இப்படித்தான்" என்று வீட்டிலேயே இருந்துவிடக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் சொல்ல வேண்டும்.

இரண்டு: இமாட்டினிப் போன்ற மாத்திரைகளோடு 'கிரேப்ஃப்ரூட்' சாப்பிடக் கூடாது என்று மருந்துக் குறிப்பில் இருக்கும். இதைத் திராட்சை என்று மொழிபெயர்த்துப் பரப்புகிறார்கள். கிரேப்ஃப்ரூட் திராட்சையே அல்ல. பம்பளிமாஸுக்கு உறவுக்காரப் பழம். குடலில் மருந்தைச் சிதைக்கும் நொதியை அது முடக்கிவிடுவதால், ரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். பம்பளிமாஸ் சாப்பிடும் முன்பும் மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

என்ன செய்ய வேண்டும்?

- மூன்று வாரத்துக்கு மேல் ஆறாத வாய்ப்புண், மார்பில் கட்டி, மாதவிடாய் நின்ற பிறகு ரத்தப்போக்கு, காரணமில்லாத எடைக்குறைவு: இவற்றில் எது இருந்தாலும் முதலில் பரிசோதனை. கை வைத்தியமெல்லாம் பிறகு.
- தேனிக்காரர்களுக்கு க.விலக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பக்கத்திலேயே இருக்கிறது. மேல்சிகிச்சைக்கு மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை.
- தகுதியுள்ள குடும்பங்களுக்கு முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெற வழி உண்டு. அட்டை இருக்கிறதா என்று இன்றே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.
- சித்த மருந்து, சாறு, சத்துமாத்திரை எது எடுத்தாலும் கேன்சர் மருத்துவரிடம் மறைக்காதீர்கள். நொதிகள் வழியாக அவை மருந்தின் அளவைக் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம்.

பரவாத கட்டிக்கும் பரவிய கட்டிக்கும் இடையே இருப்பது பல நேரங்களில் சில மாதங்கள்தான். "திராட்சை சாப்பிட்டுப் பார்ப்போம், கேக்கலைன்னா ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்று காத்திருக்கும் அந்த மாதங்களில்தான் நொதிகள் வேலியை வெட்டிக்கொண்டிருக்கும்.

கம்பம் போனால் பன்னீர் திராட்சை வாங்குங்கள். நன்றாகக் கழுவி, ருசித்துச் சாப்பிடுங்கள். அடுத்த முறை அந்த வாட்ஸ்அப் தகவல் வந்தால் மட்டும், ஃபார்வர்டு செய்யாதீர்கள்.